மண் சுவரில் ஹெக்லாவின் வரலாறு: சாம்பல் அடுக்குகளை எப்படிப் படிக்கிறார்கள்?

வண்டல்மணி
ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலைக்கு வெடிப்புப் பட்டியல் போடும்போது 1104, 1158, 1206, 1222, 1300, 1341, 1389 என்று ஆண்டுவாரியாகப் போடுகிறார்கள். அதற்கு முந்தைய பெரிய வெடிப்புகளுக்கு மட்டும் ‘சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்’, ‘சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்’ என்று உத்தேசமாகச் சொல்லி விடுகிறார்கள். எல்லாமே மண்ணில் கிடக்கும் சாம்பல் அடுக்குதானே? ஒன்றுக்கு ஆண்டு கிடைக்கிறது, இன்னொன்றுக்கு ஏன் கிடைப்பதில்லை? குழி வெட்டுவதில் தொடங்கி பட்டியல் போடுவது வரை வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கருங்கல்
மணி, மண் தருவது வரிசையை மட்டும்தான். எது கீழே, எது மேலே என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. ஆண்டை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

இடைக்காலம் தொட்டு ஐஸ்லாந்தில் ஆண்டுக்குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. ‘இந்த ஆண்டு ஹெக்லாவில் நெருப்பு எழுந்தது’ என்ற ஒரு வரி கிடைத்து, அந்த வெடிப்பின் சாம்பல் எது என்றும் உறுதியானால், நாடு முழுவதும் அந்த அடுக்குக்கு ஆண்டு கிடைத்துவிடும். எழுத்து இல்லாத காலத்துக்கு கிரீன்லாந்துப் பனிக்கட்டியின் ஆண்டு வரிகள் உதவும். அங்கேயும் கிடைக்காவிட்டால், அடுக்குக்கு ஒட்டிக் கீழே இருக்கும் பீட் மண்ணை (சதுப்பில் மக்கிச் சேர்ந்த தாவர மண்) கரிமம்-14 முறையில் கணிக்க வேண்டும். நீங்கள் கேட்ட ‘சுமார்’ அங்கிருந்துதான் வருகிறது.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் ஐஸ்லாந்து ஆய்வாளர் சிகுர்துர் தோராரின்சன். 1939-இல் தோர்சார்டாலுர் பள்ளத்தாக்கில் புதையுண்ட பண்ணைகளை அகழ்ந்தபோது அங்கிருந்த சாம்பல் அடுக்குகளை அவர் ஆராய்ந்தார். 1944-இல் முனைவர் பட்ட ஆய்வாக அது வெளிவந்தது. ஹெக்லாவின் வெடிப்பு வரலாற்றைத் தனியாக 1967-இல் எழுதினார். இரண்டு வெடிப்புகளுக்கு இடையே ஓய்வு எவ்வளவு நீள்கிறதோ, அடுத்த வெடிப்பின் தொடக்கத்தில் வரும் குழம்பில் சிலிக்கா அவ்வளவு கூடும் என்பதை அதில் காட்டினார். ஏறத்தாழ 800 ஆண்டுத் தொடரை இப்படி வரிசைப்படுத்த முடிந்திராவிட்டால் அந்த உறவு கண்ணில் பட்டிருக்காது.

பட்டியல் போடுபவர் முதலில் தேடுவது குறி அடுக்குகளைத்தான், அதாவது ஆண்டு உறுதியாகி, பார்த்ததும் அடையாளம் தெரியும் அடுக்குகளை. மனிதர்கள் ஐஸ்லாந்தில் குடியேறிய காலத்தைக் காட்டும் குடியேற்ற அடுக்கு, 939-இல் தொடங்கிய எல்ட்கியா வெடிப்பு, வெளிர் நிற 1104 ஹெக்லா, தென்கிழக்கில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் 1362 ஓரைவாயோகுல், வடகிழக்கில் 1875 ஆஸ்கியா. சுவரில் இவற்றில் இரண்டு தெரிந்தாலே நடுவில் உள்ளதைப் பிடித்துவிடலாம்.

நுண்கண்
பிடிப்பதற்கு முன் சுவர் சரியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடம்: சமதளம், புல் மூடிய நிலம், ஓடைக்கும் சரிவுக்கும் எட்ட. சரிவின் அடியில் அடுக்கு தடித்துக் கிடக்கும். பார்க்க அழகாக இருந்தாலும் அது மேலிருந்து கழுவி வந்த சரக்கு. காற்று அரித்து நிற்கும் மண் திட்டின் முகம் வசதியானதுதான். ஆனால் அந்த முகத்தை அப்படியே அளக்கக் கூடாது. 30 முதல் 50 செ.மீ. உள்ளே வெட்டி, புது முகம் எடுக்க வேண்டும்.

அகலம் குறைந்தது 1 மீட்டர். ஐஸ்லாந்து மண் உறைந்து உருகி மேடு மேடாகப் புடைக்கும். அதில் ஒரே அடுக்கு ஒரு முனையில் 6 மி.மீ., மறு முனையில் 20 மி.மீ. இருக்கும். ஒரே இடத்தில் அளந்தால் எந்த எண் வேண்டுமானாலும் கிடைக்கும். ஐந்தாறு இடத்தில் அளந்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் சேர்த்தே குறியுங்கள்.

முகத்தைக் கரணையால் கிடைமட்டமாக வழித்துச் சுத்தம் செய்யுங்கள். மேலிருந்து கீழாக இழுத்தால் கறுப்புச் சாம்பல் கீழே உள்ள வெள்ளை அடுக்கில் பூசிக்கொள்ளும். பிறகு அளவுகோலை வைத்துப் புகைப்படம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஆழம், தடிமன், ஈர நிறம், காய்ந்த நிறம், மிகப் பெரிய துகளின் அளவு, கீழ் எல்லை கூர்மையா மங்கலா என்பதை எழுதுங்கள். கீழ் எல்லை கூர்மையாகவும் மேல் எல்லை மங்கலாகவும் இருந்தால் நேரடியாக விழுந்த சாம்பல் என்று நம்ப இடமுண்டு. இரண்டு எல்லையும் கலங்கி, துகள்கள் உருண்டு, நடுவில் மண் கலந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாதிரி எடுக்கும்போது அடியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். உதிர்வது ஏற்கெனவே எடுத்து முடித்த இடத்தில்தான் விழும். ஒவ்வொரு அடுக்குக்கும் கரணையைத் துடைக்க வேண்டும். 1 செ.மீ.க்கு மேல் தடித்த அடுக்கானால் அடி, நடு, உச்சி என்று மூன்று பை. ஹெக்லா-3 (மணி சொன்ன 3,000 ஆண்டு வெடிப்பு), ஹெக்லா-4 (4,200 ஆண்டு வெடிப்பு) ஒவ்வொன்றும் சிலிக்கா மிகுந்த வெள்ளை ரையோலைட்டில் தொடங்கி, சிலிக்கா குறைந்த கருமையான ஆண்டசைட்டில் முடிந்தவை. அடியை மட்டும் எடுத்தவரும் உச்சியை மட்டும் எடுத்தவரும் ஒரே வெடிப்பை இரண்டாக எண்ணிவிடுவார்கள்.

வண்டல்மணி
நன்றி நுண்கண். கருங்கல் அண்ணே, ‘நடுவில் உள்ளதைப் பிடித்துவிடலாம்’ என்றீர்களே, அது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

கணக்கன்
நான் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

1104 அடுக்கின் உச்சிக்கும் 1300 அடுக்கின் அடிக்கும் இடையே 112 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் அடையாளம் தெரியாத இரண்டு சாம்பல் அடுக்குகள், இரண்டும் சேர்ந்து 14 மி.மீ. சாம்பல் ஓரிரு நாளில் விழுந்தது. அது காலத்தை அளக்காது. அதைக் கழித்தால் மண் 98 மி.மீ. ஆண்டுகள் 196. ஆக ஆண்டுக்கு 0.5 மி.மீ.

கீழே உள்ள அறியா அடுக்குக்கும் 1104 உச்சிக்கும் இடையே மண் 26 மி.மீ. அதாவது 52 ஆண்டு. 1104-உடன் கூட்டினால் 1156. ஹெக்லா 1158 என்று சந்தேகிக்கலாம். சாம்பலைக் கழிக்காமல் போட்டிருந்தால் ஆண்டுக்கு 0.57 மி.மீ. வந்து, விடை 1150 பக்கம் போயிருக்கும். 14 மி.மீ.க்கே இந்த வித்தியாசம். ஹெக்லாவுக்கு அருகே நடுவில் 10 செ.மீ. சாம்பல் கிடந்தால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது சந்தேகப் பட்டியலைச் சுருக்கும் கருவி, அவ்வளவுதான். 1158 என்று முடிவு கட்டுவது சாம்பலில் உள்ள எரிமலைக் கண்ணாடித் துணுக்கின் வேதியியல்: 1104 ரையோலைட், 1158 அதைவிடச் சிலிக்கா குறைந்த டேசைட்.

கருங்கல்
கணக்கன் சொன்னதோடு ஒன்று. இந்தக் கணக்கைக் குடியேற்ற அடுக்குக்குக் குறுக்கே போடவே கூடாது. மனிதர்கள் வந்து காட்டை வெட்டி ஆடு மேய்த்த பிறகு மண் அரிப்பு கூடி, பல இடங்களில் மண் சேரும் வேகம் பல மடங்கு உயர்ந்தது. அடுக்குக்கு மேலே கிடைத்த வேகத்தைக் கீழே கொண்டுபோனால் ஹெக்லா-3-க்கு வயது பாதியாகிவிடும்.

பொருநை
குடியேற்ற அடுக்கு 871-ஆ 877-ஆ? இரண்டையும் பார்க்கிறேன்.

கருங்கல்
இரண்டும் ஒரே அடுக்குதான். அடியில் டோர்ஃபாயோகுல் எரிமலை தந்த வெளிர் சாம்பல், மேலே வாட்னாஒல்துர் வெடிப்பு தந்த ஆலிவ் பச்சைச் சாம்பல். இரட்டை நிறத்தாலேயே களத்தில் அடையாளம் தெரியும். 1995-இல் கிரீன்லாந்தில் கிரிப் என்ற துளையிலிருந்து எடுத்த பனிக்கட்டியில் அதே துணுக்குகளைக் கண்டு 871, கூட்டிக் கழித்து 2 ஆண்டு என்றார்கள். பிறகு பனி வரிகளின் எண்ணிக்கையே திருத்தப்பட்டது. திருத்திய கணக்கில் 877, பிழை 1 ஆண்டு. பழைய கட்டுரையையும் புதியதையும் ஒரே அட்டவணையில் போடுகிறவர்கள், எந்தப் பனிக் காலக்கோடு என்று பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாததால் ஒரே வெடிப்பு இரண்டாகிக் கிடக்கும் அட்டவணைகள் உண்டு.

ஆழிவண்டல்
கண்ணுக்குத் தெரியும் அடுக்கோடு நின்றால் வரலாறு பாதிதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பரோயே தீவு, ஸ்காண்டிநேவியா சதுப்புகளில் ஹெக்லாவின் சாம்பல் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் கிடக்கிறது. ஹெக்லா-4 வட ஸ்காட்லாந்து பீட்டில் கிடைத்தது 1980-களின் இறுதியில்.

பீட்டுக்கான நடைமுறை: தூணை இடைவெளி விடாமல் 5 அல்லது 10 செ.மீ. துண்டுகளாக எடுங்கள். உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் எரியுங்கள். சாம்பலை 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, 80 மைக்ரான், 25 மைக்ரான் சல்லடைகளுக்கு இடையே நிற்பதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, 200 முதல் 400 மடங்கில் எண்ணுங்கள். துணுக்கு கிடைத்த துண்டை மட்டும் மறுபடி 1 செ.மீ. இடைவெளியில் பிரியுங்கள். உச்சம் எந்த சென்டிமீட்டரில் இருக்கிறதோ அதுதான் விழுந்த காலம். மேலே வால் போல நீளுவது பிறகு கழுவி வந்தது.

நுண்கண்
எரித்த மாதிரியை மைக்ரோப்ரோப்புக்கு (எலக்ட்ரான் கற்றையால் துணுக்கின் வேதியியலை அளக்கும் கருவி) அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். 550 டிகிரியில் கண்ணாடியின் கார உலோகங்கள் இடம் மாறும்.

ஆழிவண்டல்
ஆமாம், எரிப்பது எண்ணுவதற்கு மட்டும். வேதியியலுக்கு அதே சென்டிமீட்டரிலிருந்து எரிக்காத பீட்டை எடுத்து, அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்த்துக் கரிமத்தைக் கரைப்பார்கள். புகைப்போக்கிப் பெட்டி இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

ஏரி வண்டலானால் பீட்டைப் போல எரித்து முடியாது. குவார்ட்ஸ் மணல் தடையாக நிற்கும். அங்கே சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல், வேண்டிய அடர்த்திக்கு மாற்றக்கூடிய கனமான திரவம். முதலில் அடர்த்தி 2.0-இல் மிதக்கும் கரிமத்தையும் டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகளையும் எடுத்து வீசி, மூழ்கியதை 2.5-இல் மறுபடி மையவிலக்கியில் சுற்றினால் ரையோலைட் துணுக்கு மிதக்கும், குவார்ட்ஸ் 2.65 என்பதால் அடியில் தங்கும். ஒவ்வொரு அடர்த்திக்கும் இரண்டு மூன்று முறை சுற்ற வேண்டும். கரைசல் விலை அதிகம், வடிகட்டி ஆவியாக்கி மீண்டும் பயன்படுத்துவார்கள். காய்ச்சி வடித்த நீர் தவிர வேறு எதையும் சேர்க்காதீர்கள். குழாய் நீரின் கால்சியம் பட்டால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகிக் கரைசல் வீணாகும்.

கணக்கன்
இதில்தான் பெரிய ஓட்டை. சிலிக்கா மிகக் குறைந்த பசால்ட் கண்ணாடியின் அடர்த்தி 2.5-ஐத் தாண்டும். அது குவார்ட்ஸோடு சேர்ந்து அடியில் போய்விடும். மிதந்ததை மட்டும் பார்த்து ‘இந்த ஏரிக்கு வந்ததெல்லாம் ரையோலைட் வெடிப்புகளே’ என்று எழுதினால், காட்லா, க்ரிம்ஸ்வோட்ன் என்ற இரண்டு பெரிய பசால்ட் சாம்பல் உற்பத்தியாளர்களும் வரலாற்றிலிருந்து காணாமல் போவார்கள். அடியில் தங்கியதைக் காந்தத்தில் பிரித்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆழிவண்டல்
சரியான குறிப்பு. அடுத்த ஏமாற்று டயட்டமும் தாவர ஓபலும் (தாவரத்தில் உருவாகும் சிலிக்காத் துகள்). நுண்ணோக்கியில் முனைவாக்கத் தகடுகளைக் குறுக்கே வைத்தால் கண்ணாடி கறுப்பாகும் என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஓபலும் கறுப்பாகும். ஒளிவிலகல் எண்ணைப் பாருங்கள்: ஓபல் 1.45 பக்கம், ரையோலைட் 1.50 பக்கம், பசால்ட் 1.58-க்கு மேல். காரக் கரைசலில் ஓபலைக் கரைக்கலாம் என்பார்கள். அது கண்ணாடியையும் அரிக்கும்.

நுண்கண்
மைக்ரோப்ரோப் பகுதி என்னுடையது. துணுக்குகளை எபாக்சியில் பதித்து, தேய்த்து, 6, 3, 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றி, கார்பன் பூச வேண்டும். 15 கிலோவோல்ட், ரையோலைட்டுக்கு 2 நானோஆம்பியர், கற்றை 5 மைக்ரான் என்பது பலர் வைக்கும் அமைப்பு. கற்றையை இதைவிடக் குவித்தாலோ மின்னோட்டத்தைக் கூட்டினாலோ சோடியம் ஓடிவிடும். சோடியம் குறைந்து சிலிக்கா கூடிய துணுக்கு, வேறு எரிமலையின் துணுக்கு போலவே தோன்றும். அதனால் சோடியத்தை முதலில் அளக்க வேண்டும். லிப்பாரி அப்சிடியன் போன்ற தெரிந்த கண்ணாடியைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அளந்து, அந்த எண்களையும் வெளியிட வேண்டும்.

ஒரு அடுக்குக்கு 20 முதல் 30 துணுக்கு. ஐந்து துணுக்கை வைத்து ‘ஹெக்லா’ என்று சொல்லலாம். எந்த ஹெக்லா என்று சொல்ல முடியாது.

கணக்கன்
மொத்தம் 100%-க்குச் சமன்படுத்துவதைப் பற்றி? நான் எப்போதும் சமன்படுத்துவேன். பழைய கண்ணாடி நீரை உறிஞ்சியிருக்கும், மொத்தம் 95% என்றால் அந்த 5% நீர். சமன்படுத்தாமல் புதிய கண்ணாடியோடு ஒப்பிட்டால் எல்லாப் புள்ளியும் இடம் மாறித் தெரியும்.

நுண்கண்
வரைபடத்துக்குச் சமன்படுத்துங்கள். அட்டவணையில் மூல எண்ணே இருக்கட்டும். குறைந்த மொத்தம் நீரால் மட்டும் வருவதில்லை. மெருகு சரியில்லை, கற்றை எபாக்சியில் பட்டது, துணுக்கில் குமிழி என்று எதனாலும் வரும். சமன்படுத்திய அட்டவணை இவை அனைத்தையும் மறைத்துவிடும். சமன்படுத்தியதை மட்டும் வெளியிட்ட தரவை நான் ஒப்பீட்டுக்கு எடுக்க மாட்டேன்.

வண்டல்மணி
எண்கள் கிடைத்த பிறகு எரிமலையை எப்படிப் பிரிப்பது?

கருங்கல்
பசால்ட்டில் எளிது. காட்லாவின் பசால்ட்டில் டைட்டானியம் ஆக்சைடு 4.5% பக்கம், பொட்டாசியம் ஆக்சைடு 0.7-0.8%. க்ரிம்ஸ்வோட்ன் டைட்டானியம் 3% பக்கம், பொட்டாசியம் 0.4-0.5%. பாரடார்புங்கா எரிமலை இரண்டிலும் இன்னும் குறைவு. டைட்டானியத்துக்கு எதிரே பொட்டாசியத்தைப் போட்டாலே மூன்று கூட்டம் தனியாக நிற்கும்.

ஒரே எரிமலையின் இரண்டு வெடிப்புகளைப் பிரிப்பதுதான் தலைவலி. ஹெக்லா-4, ஹெக்லா-செல்சுண்ட், ஹெக்லா-3 மூன்றின் ரையோலைட் புள்ளிகளும் பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்று விழும். அங்கே அடுக்கு வரிசையும் கரிமக் கணிப்பும் சேர வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் சாக்சுனார்வாட்ன் சாம்பல். க்ரிம்ஸ்வோட்ன் தந்தது, சுமார் 10,300 ஆண்டுப் பழமை. வட அட்லாண்டிக் முழுவதும் ஒரே நாளைக் குறிக்கும் கோடு என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு ஐஸ்லாந்து ஏரிகளிலும் கடல் வண்டலிலும் ஒரே வேதியியலோடு பல அடுக்குகள், நடுநடுவே வண்டலுடன், சில நூற்றாண்டு நீளத்துக்கு வந்தன. அது பல வெடிப்புகளின் தொடர். அதை ஒரே கோடாக வைத்து இரண்டு ஏரிகளின் பருவநிலையை ஒப்பிட்ட வேலைகளையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

பொருநை
அப்படியானால் அடுக்குகளை எண்ணினால் வெடிப்புகளின் எண்ணிக்கை வருமா, வராதா?

கருங்கல்
குறைந்தபட்ச எண்ணிக்கை வரும். காட்லாவுக்குக் கிழக்கே உள்ள மண் சுவர்களைச் சேர்த்து எழுதிய தொடரில் 8,400 ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட அடுக்குகள் உண்டு. ஆனால் அது கிழக்கு. காற்று மேற்கே அடித்த நாளில் காட்லா வெடித்திருந்தால் அந்தச் சுவருக்குத் தெரியாது. ஹெக்லாவையே பாருங்கள்: 1104 சாம்பல் வடக்கே போனது. 1947 சாம்பல் தெற்கே போய்த் திரும்பி, 51 மணி நேரத்தில் ஹெல்சிங்கியில் விழுந்தது. வடக்கில் மட்டும் குழி வெட்டினால் 1947 நடக்கவே இல்லை.

அதனால் எரிமலையைச் சுற்றி எல்லாத் திசையிலும் குழி வேண்டும். க்ரிம்ஸ்வோட்ன் போலப் பனிக்கடியில் வெடிப்பவற்றுக்கு மண்ணைவிட வாட்னாயோகுல் பனியாற்றின் ஓரங்கள் நல்ல ஏடு. சிறு வெடிப்பின் மெல்லிய சாம்பலும் அங்கே தனி வரியாக நிற்கும். ஆனால் சுமார் 800 ஆண்டுக்கு மேல் பின்னே போகாது, பழைய பனி உருகிப் போயிற்று. ஆகவே வரைபடத்தில் அண்மை நூற்றாண்டுகளில் ‘வெடிப்புகள் கூடுவது’ போலத் தெரிந்தால், எரிமலையைச் சந்தேகிப்பதற்கு முன் ஏட்டைச் சந்தேகியுங்கள்.

கணக்கன்
அளவையும் சொல்லிவிடுகிறேன், எண்ணிக்கை மட்டும் வரலாறு ஆகாது. எல்லாக் குழியின் தடிமனையும் வரைபடத்தில் போட்டுச் சமதடிமன் கோடு வரையுங்கள். ஒவ்வொரு கோடும் அடைக்கும் பரப்பின் வர்க்கமூலத்தைக் கிடை அச்சிலும், தடிமனின் இயற்கை மடக்கையை நிலை அச்சிலும் போட்டால் பெரும்பாலும் நேர்கோடு வரும். அதன் சரிவு ச, மையத்துக்கு நீட்டிய தடிமன் த என்றால், கனஅளவு = 2 × த ÷ ச வர்க்கம். த = 1 மீட்டர், அதாவது 0.001 கி.மீ.; சரிவு கி.மீ.க்கு 0.1 என்றால் 0.2 கன கி.மீ.

ஒற்றைக் கோட்டில் நிற்காதீர்கள். அருகில் ஒரு சரிவு, தொலைவில் இன்னொரு சரிவு இருக்கும். தொலைவுக் குழிகள் இல்லாமல் போட்டால் நுண்சாம்பலின் பெரும்பகுதி விடுபடும். வெடிப்புகளை ஒப்பிடும்முன் படிவின் அடர்த்தியைக் குழம்பின் அடர்த்தியால் வகுத்துப் பெருக்கி, கெட்டிப் பாறை அளவாக மாற்ற வேண்டும்.

பொருநை
இந்தியாவில் இதே வேலைக்கு இடமுண்டா?

ஆழிவண்டல்
உண்டு, ஆனால் எரிமலை சுமத்ராவில். டோபாவின் இளைய வெடிப்பு சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அதன் சாம்பல் கர்நூல் பகுதியில் ஜ்வாலாபுரத்தில் 2 மீட்டருக்கு மேல் தடித்துக் கிடக்கிறது. கணக்கன் சொன்ன சூத்திரத்தில் அந்தத் தடிமனைப் போட்டால் டோபா ஊதிப் பெருத்துவிடும். நேரடியாக விழுந்தது அடியில் ஐந்து செ.மீ. அளவுக்குத்தான், மேலே உள்ளது சுற்று நிலத்திலிருந்து நீர் கொண்டுவந்து சேர்த்தது.

மகாராஷ்டிரத்தின் போரி சாம்பல் அதைவிடச் சிக்கல். டோபாவின் பழைய வெடிப்பா இளையதா என்று நெடுநாள் வாதம். டோபாவின் வெவ்வேறு வெடிப்புகளில் கண்ணாடியின் முதன்மைத் தனிமங்கள் மிக நெருங்கி இருப்பதே காரணம். பயோட்டைட் படிகத்தின் இரும்பு-மக்னீசிய விகிதமும், லேசரில் அளக்கும் பேரியம், இட்ரியம் போன்ற அருந்தனிமங்களும்தான் அங்கே பிரித்துக் காட்டுகின்றன.

வண்டல்மணி
கடைசிக் கேள்வி. 1 மி.மீ.க்கும் குறைவான அடுக்கு, கையில் ஒரு சிட்டிகைதான் கிடைக்கிறது. அதை எதில் செலவழிப்பது?

நுண்கண்
அமிலத்திலும் அடர்த்திக் கரைசலிலும் போடாதீர்கள், பாதி போய்விடும். நீரில் கழுவி 25 மைக்ரான் சல்லடையில் நிறுத்தி, நுண்ணோக்கியின் கீழ் நுண்குழாய் ஊசியால் துணுக்கைப் பொறுக்கி நேரே எபாக்சியில் வையுங்கள். முதலில் மைக்ரோப்ரோப், பிறகு அதே துணுக்கில் லேசர். லேசர் 20-30 மைக்ரான் குழி பறித்துவிடும், அதன்பின் திரும்ப அளக்க எதுவும் இருக்காது. பொறுக்கியதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள், பையில் குழி எண்ணும் ஆழமும் பென்சிலில். மை ஈரத்தில் அழியும்.